கிடையாக வீசும் காற்று கூரையை மேலே தூக்குவது ஏன்?

ஸ்காட்லாந்தின் வடகோடியில் டர்னஸ் என்றொரு சிற்றூர். கடலைப் பார்த்த பாறை விளிம்பின் மேல் அங்கே ஒரு முகாம்வெளி உண்டு. இன்வர்னஸ் கோட்டையில் தொடங்கி வடகரையைச் சுற்றி மீண்டும் அங்கேயே முடியும் 516 மைல் சாலைக்கு 2015-இல் ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தார்கள். அன்று முதல் கோடைக்காலத்தில் கேம்பர்வேன்கள் இந்தப் பக்கம் வரிசை கட்டுகின்றன. படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே அடங்கிய வண்டிகள் அவை. பல வண்டிகளின் கூரையோரத்தில் நீளமான பெட்டி ஒன்று இருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால் அதற்குள் சுருண்டிருக்கும் துணி, முன்விளிம்பில் ஓர் அலுமினியச் சட்டத்தோடு வெளியே நீளும். சட்டத்திலிருந்து இரண்டு கால்களை இறக்கித் தரையில் ஊன்றினால் வாசலில் ஒரு பந்தல் தயார். ஆனிங் என்பது இதுதான்.

பலத்த காற்றில் ஆனிங் சேதமாகும் விதத்தைக் கவனித்தால் ஒரு விசித்திரம் தெரியும். காற்று வீசுவது தரையோடு கிடையாக. ஆனால் ஆனிங் பக்கவாட்டில் சாய்ந்து விழுவது குறைவு. கால்கள் தரையை விட்டு எழும்பும்; துணியும் சட்டமும் சேர்ந்து மேலே போகும்; கடைசியில் எல்லாம் வண்டிக் கூரையின் மேல் குப்புறக் கிடக்கும். முன்னே பின்னே தள்ள வேண்டிய காற்று, எதற்காக ஒரு பொருளை நெட்டுக்குத்தாகத் தூக்குகிறது?

காற்றுக்கு எடை உண்டு என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் அடைந்திருக்கும் காற்றை எடை போட முடிந்தால் நாற்பது கிலோ அளவில் இருக்கும். இவ்வளவு எடை வேகமாக வந்து ஒரு தடுப்பில் மோதி நிற்கிறது என்றால், அந்த வேகத்தை அழிக்கும் வேலையைத் தடுப்புதான் செய்தாக வேண்டும். நிறுத்தப்பட்ட காற்று தடுப்பின் மேல் செலுத்தும் இந்த அழுத்தத்தை வேக அழுத்தம் என்று அழைப்போம்.

வேக அழுத்தத்தின் குணம் ஒன்றுதான், ஆனால் பொல்லாதது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். காரணம் எளிது. வேகம் இரட்டித்தால் ஒரு விநாடியில் வந்து மோதும் காற்றின் அளவும் இரட்டிக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமும் இரு மடங்கு வேகத்தோடு மோதுகிறது. இரண்டும் பெருகி நான்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு கிலோ எடைக்குச் சமமான விசை. 72 கிலோமீட்டரில் அதே சதுர மீட்டருக்கு 24 கிலோவுக்கு மேல். குளிர்ந்த காற்று அடர்ந்தது என்பதால், ஐந்து டிகிரிக் குளிரில் வீசும் ஸ்காட்லாந்துக் காற்று, முப்பத்தைந்து டிகிரியில் வீசும் சென்னைக் காற்றைவிட அதே வேகத்தில் பத்து சதவீதம் கூடுதலாகவே தள்ளும்.

இந்த எண்களை நாம் இன்று அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறோம். அவை சரியாகக் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நீர்ச்சக்கரங்களையும் காற்றாலைகளையும் பற்றி 1759-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஓர் அட்டவணை இருந்தது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு என்ற உறவு அதில் சரி. ஆனால் அந்த உறவைக் கிலோவாகவோ பவுண்டாகவோ மாற்றும் பெருக்கெண் தவறு. பெரியவர் சொன்ன எண் என்று பலரும் அதையே எடுத்தாண்டார்கள். ரைட் சகோதரர்களின் கிளைடர்கள் 1900, 1901 ஆண்டுகளில் கணக்கு சொன்ன அளவுக்கு எழும்பாமல் போனபோதுதான் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. தாங்களே அளந்து பார்த்து, ஸ்மீட்டனின் எண் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிது என்று கண்டார்கள்.

சரி, தள்ளும் விசை புரிகிறது. தூக்கும் விசை எங்கிருந்து வருகிறது?

ஆனிங்கின் திறந்த முன்பக்கத்திலிருந்து காற்று வருவதாக வைத்துக்கொள்வோம். துணிக்குக் கீழே நுழைந்த காற்றுக்கு எதிரே வண்டியின் பக்கச்சுவர் நிற்கிறது. காற்று அங்கே தேங்குகிறது. தேங்கிய காற்றின் அழுத்தம் சுவரை மட்டும் தள்ளாது. அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரேபோல் தள்ளும். மேலே இருப்பது துணி. ஆக, கிடையாக வந்த காற்று நின்ற இடத்தில் மேல்நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. புதிரின் பாதி இதோடு அவிழ்ந்தது.

மறுபாதி துணிக்கு மேலே நடக்கிறது. முன்சட்டத்தின் விளிம்பில் மோதும் காற்று மேல்நோக்கி விலகுகிறது; விலகிய வேகத்தில் சட்டென்று திரும்பித் துணியோடு ஒட்டி ஓட அதனால் முடிவதில்லை. வளைந்து தாவுகிறது. காற்று வளைந்து ஓட வேண்டுமென்றால் வளைவின் உட்பக்கத்தில் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை உள்நோக்கித் திருப்ப எதுவும் இல்லை. அந்த உட்பக்கம்தான் துணியின் மேற்பரப்பு. கீழிருந்து தள்ளல், மேலிருந்து உறிஞ்சல். இரண்டும் ஒரே திசையில் கூடுகின்றன.

இது தாளில் போட்ட ஊகமல்ல. இங்கிலாந்தில் சில்சோ என்ற இடத்தில் வேளாண் பொறியியல் ஆய்வாளர்கள் திறந்த வெளியில் ஆறு மீட்டர் உயரக் கனசதுரம் ஒன்றை நிறுத்தி, அதன் பரப்பில் பல இடங்களில் சிறு துளைகள் வழியே அழுத்தத்தை அளந்தார்கள். காற்றை எதிர்கொண்ட முகத்தில் தள்ளல். கூரையில் உறிஞ்சல், அதுவும் காற்று முதலில் தொடும் விளிம்பை ஒட்டி மிகக் கடுமையாக. புயலில் கூரைத் தகடுகள் ஓரத்திலிருந்து உரியத் தொடங்குவதற்கும் காரணம் இதுவே. இத்தகைய அளவீடுகளிலிருந்து எழுந்ததுதான் ஐரோப்பியக் கட்டட விதிநூலின் காற்றுப் பகுதி. சுவரில்லாத தட்டைக் கூரைக்கு, வேக அழுத்தத்தில் பாதியளவு விசை அதை மேலே தூக்கும் என்று கணக்கிடச் சொல்கிறது அது. அதே கூரைக்கு அடியில் காற்று வெளியேற முடியாமல் அடைபட்டிருந்தால் 1.3 மடங்கு என்கிறது. அடைப்பு ஒன்றே தூக்குவிசையை இரண்டரை மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. ஆனிங்கின் அடைப்பு வேறு யாருமல்ல, நாம் நம்பி நிறுத்தியிருக்கும் வண்டியேதான்.

மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் உள்ள ஆனிங்குக்கு இந்த எண்ணைப் போட்டுப் பார்ப்போம். தொய்ந்து புடைக்கும் துணிக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் ஒரு மதிப்பு கிடைக்கும். 36 கிலோமீட்டர் காற்றில் தூக்குவிசை 60 கிலோ. 54 கிலோமீட்டரில் 134 கிலோ. 72 கிலோமீட்டரில் 240 கிலோவை நெருங்கும். இந்த அளவு ஆனிங் பெட்டியோடு சேர்த்தே இருபது கிலோ அளவுதான். அதன் கால்கள் துணியைத் தாங்குவதற்காகச் செய்தவை. கீழே இழுத்துப் பிடிப்பதற்காக அல்ல. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்க் கால்கள் மேல்நோக்கி இழுபட்டால் நழுவி நீளும், அல்லது பாதத்தில் அடித்த முளையை நேராக மேலே பிடுங்கும். முளைக்கு ஆகாத இழுப்பு அதுதான். ஏன் என்று சற்றுப் பிறகு பார்ப்போம்.

இதுவரை காற்று ஒரே சீராக வீசுவதாகப் பேசினோம். அப்படி வீசும் காற்று உலகத்தில் இல்லை. நம் ஊர் வானிலை அறிக்கையில் ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்று படிக்கிறோமே, அந்த ‘இடையிடையே’தான் ஆனிங்கின் எமன். முதல் எண் சில நிமிடங்களின் சராசரி. இரண்டாவது எண், சில விநாடிகளே நீடிக்கும் உச்சவீச்சு. திறந்த புல்வெளியில் உச்சவீச்சு சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பது சாதாரணம். வேகத்தில் ஒன்றரை என்றால் விசையில் இரண்டேகால். சராசரி 36 கிலோமீட்டர் என்ற காற்றில் 60 கிலோவைத் தாங்கக் கட்டியவர் 134 கிலோவுக்குக் கட்டியிருக்க வேண்டும்.

உச்சவீச்சு என்ற ஒன்று இருப்பதைப் பொறியாளர்கள் தீவிரமாக எடுத்துக்கொள்ள வைத்த சம்பவம் இதே ஸ்காட்லாந்தில் நடந்தது. 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் டே ஆற்று முகத்துவாரத்தின் மேல் ஒரு பயணிகள் ரயில் போய்க்கொண்டிருந்தபோது பாலத்தின் நடுப்பகுதி அப்படியே சரிந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத பாலம். அதை வடிவமைத்த தாமஸ் பவுச், காற்றின் விசைக்கென்று தனியாக எதுவும் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. அடுத்ததாக ஃபோர்த் முகத்துவாரத்தில் பாலம் கட்டும் பொறுப்பு அவரிடமிருந்து போய், ஜான் ஃபவுலருக்கும் பெஞ்சமின் பேக்கருக்கும் வந்தது.

பேக்கர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பாலம் எழ வேண்டிய வழியிலேயே இருந்த இன்ச்கார்வி என்ற பாறைத்தீவில் அவர் சில பலகைகளை நிறுத்தினார். ஒன்று 300 சதுர அடிப் பெரும் பலகை. மற்றவை ஒன்றரைச் சதுர அடிச் சிறு பலகைகள். புயல் நாட்களில் ஒவ்வொன்றின் மேலும் விழும் அழுத்தம் பதிவானது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பார்த்தால் பெரிய பலகை பொதுவாகச் சிறியதைவிடக் குறைவாகவே காட்டியது. இதன் பொருள் என்ன? ஓர் உச்சவீச்சு வானம் முழுக்க நிரம்பி வரும் சுவரல்ல. அதற்கு அளவான உருவம் உண்டு. பெரும் பலகையின் ஒரு மூலையில் அது அறையும் நேரத்தில் இன்னொரு மூலையில் காற்று சற்றே ஓய்ந்திருக்கும். பெரிய பரப்பில் உச்சமும் ஓய்வும் சேர்ந்து சராசரியாகிவிடுகின்றன.

பேக்கருக்கு இது நல்ல செய்தி. 1890-இல் திறந்த ஃபோர்த் பாலம் இன்றும் ரயில்களைச் சுமக்கிறது. கேம்பர்வேன்காரருக்கு இது கெட்ட செய்தி. ஏழெட்டுச் சதுர மீட்டர் ஆனிங், 28 சதுர மீட்டரான அந்தப் பெரும் பலகையில் கால்பங்கு அளவே. ஓர் உச்சவீச்சு அதை முழுதாக ஒரே நேரத்தில் விழுங்கிவிடும். சிறியதுதானே என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை. டே பாலத்தின் சரிவு வேறொரு நன்மையும் செய்தது. காற்றின் விசையை ஆராயும் முயற்சிகள் அதன் பின் சூடுபிடித்தன. அதில் இறங்கிய வில்லியம் ஹென்றி டைன்ஸ் உருவாக்கிய குழாய்வகைக் காற்றுமானி, ஒவ்வொரு வீச்சையும் காகிதச் சுருளில் முள் முள்ளாக வரைந்து காட்டியது.

இனிக் கயிறுகளுக்கு வருவோம். முன்சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் இழுகயிறு கட்டித் தரையில் முளை அடிப்பது வழக்கம். கயிற்றை எவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கட்டுகிறோமோ அவ்வளவு பலம் என்று பலர் நம்புகிறார்கள். பக்கவாட்டுத் தள்ளலுக்கு அது உதவும். தூக்கலுக்கு நேர்மாறு. கயிறு தரையை நோக்கிப் படுக்கப் படுக்க, அதன் இழுப்பில் கீழ்நோக்கிய பங்கு சுருங்கிவிடும். 134 கிலோத் தூக்கலில் பாதியை வண்டிப் பக்கம் தாங்குகிறது, மீதி இரண்டு முனைகளுக்கும் பிரிகிறது என்று கொண்டால் முனைக்கு 33 கிலோ. கயிறு 45 பாகைச் சாய்வில் இருந்தால் அதன் இழுவிசை 47 கிலோ. 20 பாகைக்குப் படுத்துவிட்டால் 98 கிலோ. ஆகவே கயிறு செங்குத்துப் பக்கம் சற்றே நிமிர்ந்திருப்பது நல்லது.

அந்த இழுப்பு முளைக்கு வந்து சேர்கிறது. முளையை அதன் நீளவாக்கில் இழுத்தால் தடுப்பது பக்கத்து மண்ணின் உராய்வு மட்டுமே. குறுக்காக இழுத்தால் எதிரே இருக்கும் மண் முழுவதும் நெருங்கி எதிர்க்க வேண்டும். ஆகவே கயிறும் முளையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருக்கும்படி, முளையின் தலை வண்டிக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க அடிப்பார்கள். மாடு கட்ட முளை அடிக்கும் எவரும் சொல்லாமலே செய்வதுதான் இது. தலை மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் கயிறு அதை நெம்பும். ஆழம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். மணலில் கீழே போகப் போக மண்ணின் இறுக்கம் கூடுவதால், இரண்டு மடங்கு ஆழத்தில் இறங்கிய முளையின் பிடி ஏறக்குறைய நான்கு மடங்கு. காற்றின் கணக்கில் நமக்கு எதிராக நின்ற அதே பெருக்கல் இங்கே நம் பக்கம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மகைர் என்று ஒரு நிலம் உண்டு. பச்சைப் புல்லுக்கு அடியில் கிளிஞ்சல் மணல். பார்க்க உறுதியாகத் தெரியும், சாதாரண முளை கையோடு வந்துவிடும். அங்கே நீண்ட திருகுமுளை வேண்டும். வெறும் மணல் கரையில் என்றால், மணல் நிரப்பிய பையைக் குழிக்குள் புதைத்து அதில் கயிற்றைக் கட்டலாம். பை எழ வேண்டுமானால் மேலிருக்கும் மணலையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காற்று பெரும்பாலும் தனியாக வராது, மழையோடு வரும். மண் ஊறி இளகுவதும் கயிறு அதிகமாக இழுப்பதும் ஒரே நேரத்தில்.

ஆனிங்குக்கென்று விற்கும் புயல்பட்டைகளில் முனைக்கு முனை எஃகு வில்சுருள் இருக்கும். சிலர் அதை அலங்காரம் என்று கழற்றிவிட்டுக் கயிற்றை விறைப்பாகக் கட்டுவதுண்டு. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பார். கை விறைத்தால் வலி, பந்தும் தெறிக்கும். நிறுத்தும் தூரம் கூடினால் நிறுத்தும் விசை குறையும். வில்சுருள் செய்வது அந்தப் பின்னிழுப்பைத்தான். தொய்வாக விட்ட கயிறு எல்லாவற்றிலும் மோசம். துணி சிறிது தூரம் தடையின்றி எழும்பி வேகம் பிடித்த பிறகு, கயிறு ‘படக்’ என்று இறுகும். அந்த ஒரு கணத்தின் விசை சாதாரண இழுப்பைப்போல் பல மடங்கு போகலாம். இறுக்கமாகவும் இருக்க வேண்டும், சற்றே நெகிழவும் வேண்டும். துணியின் மேலாகக் குறுக்கே ஒரு பட்டையைப் போட்டு இருபுறமும் முளையில் கட்டினால் துணியின் படபடப்பும் அடங்கும். படபடப்பு சத்தத்துக்காக மட்டும் கவலைப்பட வேண்டியதல்ல. அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிரும் தையலும் அலுமினியமும் அயர்ந்து, தாங்கக்கூடிய விசையில்கூட ஒரு நாள் விட்டுவிடும்.

முன்விளிம்பைத் தாழ்த்துவதும் பலன் தரும். முன்னால் தாழ்ந்த துணிக்கு அடியில் காற்று நுழையும் வாய் சிறியது, காற்றின் ஒரு பங்கு மேலிருந்து கீழே அழுத்தும். ஒரு முனையை இன்னும் சற்றுத் தாழ்த்திவிட்டால் மழைநீரும் வடியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரம் தேங்கும் நீர் பத்து கிலோ என்பதை மறக்க வேண்டாம். பக்கச்சீலை கட்டி மூடுவது எப்போதும் பாதுகாப்பு ஆகாது. காற்று வரும் பக்கத்தை மூடினால் நன்மை. அது வெளியேறும் பக்கத்தை மூடினால் நாமே அடைப்பை முழுமையாக்குகிறோம்.

வண்டியையே காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, மறைவில் ஆனிங்கை விரிப்பதுதான் எல்லாக் கயிறுகளையும்விட நல்ல ஏற்பாடு. ஆனால் அது மாலையில் போட்ட கணக்கு. பிரிட்டனுக்கு மேல் அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வு மண்டலம் ஒன்று கடந்து போகும்போது, முதலில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். குளிர்ந்த காற்றின் முன்விளிம்பான குளிர்முகப்பு தாண்டியதும் மேற்கு, வடமேற்கு என்று திரும்பிவிடும். தென்மேற்குக்கு முதுகு காட்டி விரித்த ஆனிங் விடியும் முன் புதுக் காற்றுக்குப் பக்கம் காட்டி நிற்கும். டர்னஸ் போன்ற பாறை விளிம்பில் இன்னொரு சிக்கல். வானிலை அறிக்கை சொல்வது பத்து மீட்டர் உயரத்துக் காற்று. சமவெளிப் புல்லில் ஆள் உயரத்தில் அது முக்கால் பங்குக்கும் சற்றுக் குறையும், விசை பாதியாகும். கடலிலிருந்து வந்து பாறைமேல் ஏறும் காற்று நெருக்கப்பட்டு விளிம்பருகே வேகமெடுப்பதால் அந்தச் சலுகை அங்கே கிடைக்காது.

அப்படியானால் எந்தக் காற்றுவரை விரித்து வைக்கலாம்? பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த காற்றளவுகோல் ஏறக்குறைய இதே கேள்விக்கான பதில்தான். எந்தக் காற்றில் போர்க்கப்பல் எவ்வளவு பாய் விரிக்கலாம், எப்போது சுருட்ட வேண்டும் என்பதையே அதன் படிகள் முதலில் குறித்தன. நிலத்துக்கான அடையாளங்களை 1906-இல் ஜார்ஜ் சிம்சன் சேர்த்தார். நான்காம் அளவில் புழுதியும் காகிதமும் பறக்கும், சிறு கிளைகள் அசையும். ஐந்தில் இலையுள்ள சிறு மரங்கள் ஆடத் தொடங்கும். வேகம் மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். ஆறில் குடை பிடிப்பது பெரும்பாடு.

என் தீர்ப்பு இது. நான்குவரை பட்டையும் முளையும் போட்டு உட்காரலாம். ஐந்து வந்துவிட்டால், அல்லது முன்னறிவிப்பில் இடையிடையே 50 கிலோமீட்டர் என்று இருந்தால், சுருட்டிவிடுங்கள். வீசத் தொடங்கிய பிறகு சுருட்டுவதுதான் மிக ஆபத்தான கட்டம். பாதி சுருண்ட துணி தொய்ந்திருக்கும், கால்கள் தரையில் இருக்காது. அந்த நிலை வந்தே தீர்ந்தால் ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற இன்னொருவர் முன்சட்டத்தைக் கீழ்நோக்கிப் பிடித்தபடியே வர வேண்டும். காற்று எவ்வளவு சாந்தமாக இருந்தாலும் தூங்கப் போகும் முன்பும், வண்டியை விட்டு வெளியே நடக்கப் போகும் முன்பும் ஆனிங்கை உள்ளே சுருட்டிவிடுங்கள்.